காயாத பாவு

பாவு காயவே இல்லை. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம், இன்னும் வீடு எழும்பாத மனைகளுக்கு நடுவே ஒரு நேரான தார்ச்சாலை. தறியில் ஏற்ற வேண்டிய நூலையெல்லாம் அதன் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, நானும் என் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் விடிந்ததிலிருந்து நார் பிரஷ்ஷால் நீவிக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியும் இழைகள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. தலைமுடியைவிட மெல்லிய நூல். பிரித்தால் அறுந்தது.

போன பாவிலேயே இழைகளை மாற்றிக் கோத்து இவர் கெடுத்துவிட்டார். "இதுவும் பாழாப்போனா நூலு வேற ஆளுக்குத்தான்" என்று எங்களுக்கு நூல் கொடுக்கும் கடைக்காரர் சிவராமன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அப்புறம் தறியைப் பிரித்துப் பரணில் போடவேண்டியதுதான். தறி இல்லாமல் இந்த மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு உயிரோடிருப்பார்?

ஏகாம்பரம் ஓர் இழையை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குது கோமளா! பாவுக் கஞ்சில எவ உப்பு போட்டது? ஈரத்த இழுத்துகினே கீது, எப்டி காயும்?"

எவளா? வேறு யார்! சாலைக் கோடியில் நின்ற மருமகள் பவ்யாவிடம் ஓடினேன். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை, ஒத்தாசைக்கென்று இன்று லீவு போட்டவள். கஞ்சியைக் கிளறியது அவள்தான்.

"குடிக்கிற கஞ்சினு நெனச்சியா? எங்க வயித்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடி!"

அவள் கண் கலங்கிவிட்டது.

"நான் இல்ல அத்தை. மாமாதான் போட்டாங்க. போட்டுட்டு, குடிக்க டம்ளர் கேட்டாங்க. இது பாவுக்குன்னு சொன்னேன். 'எந்தப் பாவு'ன்னாங்க. விளையாடுறாங்கன்னு நெனச்சுட்டேன்."

எந்தப் பாவு. பால்குடி மறந்ததிலிருந்து பாவு இழுத்தவர் கேட்ட கேள்வி. போன தடவை இழை மாறியபோது, கண் மங்கிவிட்டது, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோளாறு கண்ணில் இல்லை. ஐயோ, கண்ணிலேயே இல்லை.

பின்னாலேயே அவர் வந்துவிட்டார். "இன்னா சொல்றா? இவதான?"

பவ்யா வாயைத் திறந்தாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"அவ இல்லய்யா. நான்தான். கை மறதியா போட்டுட்டேன்."

"கை மறதியா? இத்தினி வருசம் என்கூட பாவு போட்டவ! உனுக்கு மூள எங்க போச்சு?"

நடுச்சாலையில் கத்தினார். கஞ்சி எந்தப் பதத்தில் இறக்கவேண்டும், எப்படி வடிகட்டவேண்டும், எந்தக் காற்றுக்கு எப்படி நீவவேண்டும், ஒன்றைக்கூட மறக்காமல் சொல்லிச் சொல்லித் திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது.