குவயற், குவைற், குவிற்

மூன்று மணித்தியாலம். அதற்குள் மாணவர்களைக் கட்டி இருத்தினால் இரசாயனவியல் வகுப்பு தாரிகாவுக்கு. இல்லாவிட்டால் அடுத்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து வேறொரு ஆசிரியர் வருவார். வெள்ளவத்தை ரியூசன் நிலையத்தின் உரிமையாளர் வரதராசா நேற்றே அறுத்துறுத்துச் சொல்லிவிட்டார்.

“நீர் குவயற்றான, சத்தம் போடாத பிள்ளை. பின்னறையில ரியூட் அச்சடிச்சுக்கொண்டு நிம்மதியா இருக்கலாமே. உமக்கேன் இந்தத் தலையிடி?”

“ஒரு நாள் தந்து பாருங்கோ, சேர்.”

படிப்பித்துக்கொண்டிருந்த கார்த்திகன் மெல்பேர்னுக்குப் போய்விட்டார். அவர் பெயர் போட்ட குறிப்புத்தாள்கள், அந்த ரியூட்டுகள், ஒவ்வொரு மேசையிலும் கிடந்தன. அவற்றை அச்சடித்து அடுக்கித் தருகிற மிஸ் என்றுதான் தாரிகாவை எல்லோருக்கும் தெரியும்.

“அமிலங்களும் காரங்களும்,” என்று தொடங்கினாள். குரல் இரண்டாவது வாங்கு வரிசையைத் தாண்டவில்லை.

“மிஸ், சப்டைட்டில் போடுங்கோ!” பின்வாங்கிலிருந்து சுமன் கத்தினான்.

“பேசாமல் இரடா,” என்று ஜனா சுவரைக் காட்டினான். “சத்தம் போடக் கூடாதெண்டு ஒட்டியிருக்கு. மிஸ் மட்டும்தான் சொல்வழி கேக்கிறா.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தாரிகாவும் சுவரைப் பார்த்தாள். ‘பிளீஸ் கீப் குவயற்’ என்று இருக்கவேண்டிய அறிவித்தல். கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள் இடம் மாறி, குவயற் குவைற் ஆகியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை அரிக்கும். வெண்பலகையில் எழுதியதை அழித்தாள்.

“அது பிழை. அதில இருக்கிறது, ‘தயவுசெய்து முற்றிலும் வைத்திருங்கள்’ எண்டு.”

“எதை வைச்சிருக்கிறது, மிஸ்?”

“ஒட்டினவரைக் கேளும்.”

ஒட்டிய வரதராசா வாசலில் நின்றுகொண்டிருந்தார். இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் நின்றது.

அவள் குவயற், குவைற், குவிற் என்று மூன்று ஆங்கிலச் சொற்களை எழுதி, மூன்றிலிருந்தும் கோடிழுத்து ஒரு புள்ளியில் சேர்த்தாள். “லத்தீனில ஒரு சொல், குவியேற்றஸ். ஓய்ஞ்சு கிடக்கிறது எண்டு கருத்து. அதில வந்ததுதான் குவயற், அமைதி. கடனில இருந்து, வழக்கில இருந்து விடுபட்டு ஓய்ஞ்சவன் குவிற். பிறகுதான் அது விட்டுப்போறதுக்கும் பேராச்சு. முழுக்க விடுபட்டது எண்டதில ‘முழுக்க’ மட்டும் மிஞ்சினது குவைற். மூண்டும் ஒரு வீட்டுப் பிள்ளையள்.”

“அப்ப கார்த்திகன் சேர் குவிற், நாங்கள் குவயற்,” என்றான் ஜனா.

“ஓம். பேர் பிழையாவும் ஒட்டுப்படும். ஒட்சிசன் எண்டால் ‘அமிலத்தைப் பிறப்பிக்கிறது’. ஒட்சிசன் இல்லாமல் அமிலமே இல்லை எண்டு நினைச்சு வைச்ச பேர். ஐதரோகுளோரிக் அமிலத்தில ஒட்சிசன் எங்க இருக்கு?”

பேனைகள் மட்டும் ஓடின. தன் குரல் கடைசிச் சுவரில் பட்டுத் திரும்புவதை அப்போதுதான் தாரிகா கேட்டாள்.

முன்வாங்கில் இருந்த ஷிம்னா ரியூட்டைத் தூக்கிப் பிடித்தாள். “மிஸ், இதுல ஒவ்வொரு பக்கத்திலயும் மூலையில ஒரு பெட்டி வருமே, ‘சொல்லின் பிறப்பு’ எண்டு. நீங்க சொல்றது அப்பிடியே அதே மாதிரி இருக்கு.”

“அச்சடிக்கேக்க பாடமாக்கிட்டா!” என்றான் சுமன். “சேர்ட சரக்கு!”

வாசலில் வரதராசாவின் முகம் சப்பென்று போயிற்று. “அதுதானே பாத்தன்,” என்று வெளியே போகத் திரும்பினார்.

தாரிகா ஒன்றும் சொல்லாமல் நின்றால் போதும், பேச்சு அதோடு அடங்கிவிடும். அவள் அடங்கித்தான் இருந்தாள், இவ்வளவு காலமும். பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

“நில்லுங்கோ, சேர்,” என்றாள். கடைசி வாங்குக்கும் கேட்டது. “நான் ஒண்டும் பாடமாக்கேல்லை. ரியூட்டில பேர்தான் கார்த்திகன் சேர்ட. மூண்டு வருசமா அதை முழுக்க எழுதினது நான்.”