புகை வராத வியாழக்கிழமை

“இந்த இன்ஜினை மொதமொதல்ல ஸ்டார்ட் பண்ணது யாரும்மா?”

இழுவை வண்டிக்கார அக்கா திங்கட்கிழமை காலையில் பட்டறைக்கு வந்து இப்படிக் கேட்டபோது சின்னவள் யோசிக்கவே இல்லை. “நான்தான்க்கா,” என்றாள். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு “சரி” என்று மட்டும் சொன்னாள். அந்தச் ‘சரி’ தொண்டையில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது.

வழியில் பழுதாகி நிற்கும் வண்டிகளைக் கட்டி இழுத்து வருவது அக்காவின் தொழில். அவளுடைய பழைய லாரியில் எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஒரு மாதம் முன்புதான் சின்னவள் அதை முழுதாகப் பிரித்துப் புதிதாகக் கோத்துக் கொடுத்திருந்தாள். மூன்றே வாரத்தில் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டபடி திரும்பி வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் கேம்ஷாப்டில் இரண்டு மேடுகள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்திருந்த டாப்பெட்டுகளின் அடிப்பக்கம் கிண்ணம் போலக் குழிந்து கிடந்தது.

கேம்ஷாப்ட் என்பது பதினாறு மேடுகள் உள்ள இரும்புத் தண்டு. சுற்றச் சுற்ற ஒவ்வொரு மேடும் ஒரு டாப்பெட்டை மேலே தள்ளும். அந்தத் தள்ளலில் வால்வு திறக்கும். தட்டை டாப்பெட் என்றால் மேட்டின் மேல் உரசிக்கொண்டே ஓடும். புதிதாகப் போட்டதும் முதல் இருபது நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் மெதுவாக, ஓட விடவே கூடாது. நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேலேயே பிடித்து வைக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் வாரியடித்து மேடுகளை நனைக்கும், இரண்டு இரும்பும் ஒன்றுக்கொன்று பழகும். அதைக் கெடுத்துவிட்டால் பிறகு தலைகீழாக நின்றாலும் பழகாது. ரோலர் டாப்பெட்டுக்கு இந்த நோவு கிடையாது. அடியில் சின்னச் சக்கரம் இருக்கும், உரசாமல் உருளும்.

சின்னவள் இருபத்தைந்து நிமிடம் பிடித்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுகூட அவளுக்கு நினைவிருந்தது. பிறகு எப்படி?

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். எண்ணெய் டப்பாவை முகர்ந்து பார்த்தாள். டாப்பெட் வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேடுகளில் உரசலைக் குறைக்கும் கறுப்புப் பசை தடவினோமா இல்லையா என்று தன் விரல்களையே சந்தேகப்பட்டாள். கடைசியில் சந்தேகம் சுற்றி வந்து அண்ணன் மேல் நின்றது. அவன் திட்டாததுதான் காரணம்.

பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று காணாமல் போனதற்கு மூன்று நாள் பட்டறைக்கும் வீட்டுக்குமாகக் குதித்தவன் அவன். இப்போது முழு இன்ஜினே போயிருக்கிறது, ஆளோ தேனில் குழைத்துப் பேசினான்.

“விடு குட்டி. யானைக்கும் அடி சறுக்கும்.”

“நான் தப்பு பண்ணலண்ணே.”

“பண்ணினேன்னு யாரு சொன்னா? இந்த தடவை ரோலர் போட்டுருவோம். அதுல பழம் தின்னு கொட்டை போட்ட ஆள் ஒருத்தரப் பேசி வச்சிருக்கேன். இனிமே கோக்கிற வேலைய அவரு பாத்துக்கட்டும். நீ ஹெட்டைக் கழுவிக் குடு, கேஸ்கெட் வெட்டிக் குடு. நிம்மதியா இரு.”

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிறதோ? கேட்க வாய் வரவில்லை. அவளுக்கு எங்கேயும் வாய் வராது. ஒன்பது வருடமாக இன்ஜின் கோக்கும் அந்த மேஜை ஒன்றின் முன்னால்தான் அவள் தலை நிமிர்ந்து நிற்பாள். அதைத்தான் ‘நிம்மதியா இரு’ என்று சொல்லிப் பிடுங்கப் பார்த்தான்.

தட்டையே மறுபடி போடுகிறேன், என் கை சரியென்று காட்டுகிறேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பொய்யாகிவிடும். இழுவை வண்டி சாலையோரம் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும். அதற்கு ரோலர்தான் பொருத்தம். ரோலர் என்று வாயைத் திறந்தாலோ, புது ஆளுக்கு அவளே நாற்காலி போட்ட மாதிரி ஆகும்.

வியாழக்கிழமை, பட்டறையில் கடைசல் வேலை பார்க்கும் லேத்து மாமா அந்த இன்ஜினின் புகைக்குழாய்களுக்கு மறுபடி சூடு தாங்கும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

“இந்த தடவையாவது புகை வருமா பாப்பா?”

“என்ன புகை மாமா?”

“போன தடவை நீ சாவியப் போடுறப்ப, புது பெயின்ட்டாச்சே, கண்ணு காது தெரியாம புகையுமேன்னு ஈரக் கைக்குட்டைய மூக்குல கட்டிட்டு நின்னேன். ஒரு பொட்டு வரல. பேங்க்கைக் கொள்ளையடிக்க வந்தவன் மாதிரி நின்னதுதான் மிச்சம். பெயின்ட் கம்பெனிக்காரன் திருந்திட்டான் போல!”

சின்னவளின் கை அப்படியே நின்றது. அன்றும் அவர் இதைச் சொன்னார், அவளும் சிரித்தாள். பெயின்ட் கம்பெனிக்காரன் எங்கே திருந்தினான்? அந்தப் பெயின்ட் முதல் சூட்டில் ஒரே ஒரு முறைதான் புகையும். அன்று வியாழக்கிழமை அவள் சாவியைத் திருப்பும்போது அது ஏற்கெனவே புகைந்து முடிந்திருக்கிறது.

அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, பட்டறைக்கு விடுமுறை. “நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு அவள் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். பட்டறைச் சாவி இருந்தது அண்ணன் ஒருவனிடம்தான்.

புகையை வைத்து ஒருவனைப் பிடிக்க முடியுமா? ‘உனக்குக் கிறுக்கா’ என்பான். இரண்டு நாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிட்டான், சிரித்தான், புது ஆளுக்குப் போன் போட்டான்.

சனிக்கிழமை காலை முடிவு கேட்க அக்கா வந்தாள். கையில் லாரிச் சாவிக் கொத்து, காலில் முழங்கால்வரை பூட்ஸ்.

“ரோலர்தான்க்கா,” என்று அண்ணன் முந்திக்கொண்டான். “ஆளும் ரெடி.”

“உன்னக் கேக்கல தம்பி. கோத்தவளக் கேக்கறேன். சொல்லும்மா, தட்டையா, ரோலரா?”

சின்னவள் அண்ணனைப் பார்க்காமல் அக்காவிடம் திரும்பினாள். “அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தெரியணும்க்கா. நான் ஸ்டார்ட் பண்றதுக்கு மொத நாள், புதன்கிழமை, நீங்க இங்க வந்தீங்களா?”

“பழைய கதை எதுக்கு இப்ப?” என்றான் அண்ணன்.

“நான் எதுக்கு வரணும்?” என்றாள் அக்கா. “எப்ப தருவ எப்ப தருவன்னு உயிர எடுத்தேன்னு, உங்கண்ணன் அன்னிக்கு இன்ஜின் சத்தத்த போன்லயே கேக்க வச்சாரே. ‘பூனைக்குட்டி மாதிரி முனகுது, கேளுங்க’ன்னு. அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

“முனகுச்சா, உறுமுச்சா?”

“முனகல்தான். நடுவுல அவரு பேசினதெல்லாம் தெளிவா கேட்டுச்சே.”

பட்டறையில் லேத்து சுற்றுவது நின்றது. அக்காவின் முகம் மெல்ல மாறியது.

“அப்போ நீ திங்கக்கிழமை ‘நான்தான்’னு சொன்னது… தெரியாமத்தான் சொன்னியா? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து எதையோ மூடுறீங்கன்னு இல்ல நெனச்சேன்!”

“தெரியாதுக்கா. நான் பழக்கினதுக்கு முந்தியே அஞ்சு நிமிஷம் ஐடில்ல ஓடியிருக்கு. மேடு அப்பவே போயிருக்கும்.” சின்னவள் நிறுத்தவில்லை. “ரோலரே போடலாம். வண்டிய ரோட்டோரம் ஐடில்ல விட்டுட்டுத்தான வண்டி இழுக்குற வின்ச்ச சுத்துறீங்க, தட்டைக்கு அது ஆகாது. இத ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. புஷ் ராடு நீளம் அளந்து மாத்தணும், டிஸ்ட்ரிபியூட்டர் பல்லு மாத்தணும், கேம் முன்னால நகராம தடுப்பு வைக்கணும். எல்லாம் தெரியும். நானே கோக்கறேன்.”

“நீதான் கோக்கணும்,” என்றாள் அக்கா. “வேற எவன் கையும் பட்டா, வேற வண்டி வரவச்சு இன்ஜின இப்பவே கட்டி இழுத்துட்டுப் போயிடுவேன். எனக்கு அது ஒண்ணுதான நல்லா வரும்.”

இரண்டு பேரும் அண்ணனைப் பார்த்தார்கள். லேத்து மாமாவும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு சொல், ‘ஆமா’ என்றோ ‘இல்ல’ என்றோ, அவன் வாயிலிருந்து வருமென்று சின்னவள் காத்திருந்தாள். ‘இல்ல’ என்றால்கூட எதிர்த்துச் சண்டை போடலாம்.

கறையே படாத கையை அவன் கழிவுத்துணியில் துடைத்தான். மேஜை மேலிருந்த போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து, வெயிலுக்குள் இறங்கிப் போனான்.