கண் திறந்திருந்த பொம்மை

மருந்துக் கடைக்கு நேர் மேலே இருந்த அறையில்தான் அவள் பதினாறு வருடமாகக் குழந்தைகளைப் பார்த்துவந்தாள். வாசல் பலகையில் ‘உளவியல் நிபுணர்’ என்று இருந்தது. பிள்ளைகளுக்கு அவள் ‘பொம்மை டாக்டர்’. ‘நான் டாக்டர் இல்லப்பா’ என்று முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

அன்று காலை ஒரு லிஃப்ட் மெக்கானிக் தன் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அரை நாள் விடுப்பாம். வேலைச் சட்டையோடும் கருவிப் பையோடும் நேராக வந்திருந்தார். பள்ளிக்கூடம் கொடுத்த கடிதத்தை நீட்டினார். ‘வகுப்பில் ஒரு சிறுமி விழுந்து அழுதபோது எல்லாரும் ஓடிப்போய்த் தேற்றினார்கள். இவள் மட்டும் கண்டுகொள்ளாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பிறர் மனம் இவளுக்குப் புரிவதில்லை.’

சிறுமி முகம் பார்த்துப் பேசவில்லை. மின்விசிறி கிறீச்சிட்டபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டாள். மேசைப் பென்சில்களை நீள வாரியாக அடுக்கிவிட்டுத்தான் உட்காரவே சம்மதித்தாள். இரண்டு மணி நேரம் பேசி, விளையாடி, பார்த்ததில் நிபுணருக்கு ஆட்டிசம் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. கடைசியாகப் பொம்மைகளை எடுத்தாள்.

விளையாட்டு சின்னதுதான். நீலக் கவுன் பொம்மை ஒரு கோலிக் குண்டைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போகும். அது இல்லாத நேரத்தில் சிவப்புக் கவுன் குண்டை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவைக்கும். திரும்பி வரும் நீலக் கவுன் எங்கே தேடும்? கூடையில் என்று சொன்னால், அடுத்தவருக்குத் தெரிந்தது வேறு, தனக்குத் தெரிந்தது வேறு என்பது பிள்ளைக்குப் புரிகிறது என்று கணக்கு.

“பெட்டியில” என்றாள் சிறுமி, யோசிக்காமல்.

நிபுணரின் கை தன்பாட்டுக்கு எழுதியது: ‘பிறர் மனத்தில் இருப்பதை ஊகிக்க இயலவில்லை.’

சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பா தொண்டையைச் செருமினார். “மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஏன் பெட்டின்னு அவளக் கேக்க மாட்டீங்களா?”

“அந்தக் கேள்வி இதுல கிடையாதுங்க.”

“இல்ல, லிஃப்ட் நின்னுபோச்சுன்னா நாங்க மொதல்ல உள்ள மாட்டிக்கிட்டவங்களத்தான் கேப்போம். என்ன சத்தம் கேட்டுச்சு, எங்க குலுங்குச்சுன்னு. மெஷின அப்புறந்தான் தெறப்போம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சரி, கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று சிறுமி பக்கம் திரும்பினாள். “ஏன்மா பெட்டியில தேடுவா?”

“அவதான் பாத்துட்டே இருந்தாளே. கண்ணு தெறந்திருந்துச்சு.”

நீலக் கவுன் பொம்மை மேசை ஓரத்தில், அவள் ‘வெளியே’ என்று சொல்லி வைத்த இடத்தில் கிடந்தது. முகம் கூடையைப் பார்த்து இருந்தது. இமை மூடாத பொம்மை. பதினாறு வருடமாக அதே ஓரம், அதே கண்.

அவள் அப்பாவிடம் கருவிப் பையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக் காட்டித் திரும்ப அதிலேயே போடச் சொன்னாள். பையை அங்கேயே வைக்கச் சொல்லி, அவரை நிஜமாகவே வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். சிறுமி பார்க்க, ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்தாள்.

“அப்பா வந்து எங்க தேடுவாரு?”

“மொதல்ல சட்டைப் பாக்கெட்ல.”

“பையிலதானே போட்டாரு?”

“போட்டாரு. மறந்துடுவாரு. சட்டைப் பாக்கெட், பேண்ட் பாக்கெட், அப்புறம் ‘அம்மாவக் கேளு’ன்னு சொல்வாரு. அப்புறந்தான் பை.”

“என் இழுப்பறையில?”

சிறுமி முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். இதுகூடவா தெரியாது என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. “அவருக்கு எப்படித் தெரியும்?”

கதவைத் திறந்து, ஸ்குரூ டிரைவரைக் கேட்டதும், அப்பாவின் கை சட்டைப் பாக்கெட்டுக்குத்தான் போனது. நிபுணர் வாய்விட்டுச் சிரித்தாள். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவளுக்குக் கடிதம் நினைவுக்கு வந்தது. “அந்தப் பொண்ணு அழுதப்போ ஏம்மா திரைய இழுத்துவிட்ட?”

“அழுதா கண்ணு எரியும். வெயில் பட்டா இன்னும் எரியும். அவ ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தா.”

“டீச்சர்கிட்ட சொன்னியா?”

“கேக்கலையே.”

அப்பா குனிந்து கருவிப் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“ஆட்டிசம் இருக்குங்க. அதுல மாத்தம் இல்ல” என்றாள் அவள், எழுதிய வரியை அடித்தபடி. “ஆனா இத எழுத மாட்டேன்.”

“அப்போ அவளுக்கு அடுத்தவங்க மனசு புரியுமா?”

“புரியுது. சில நேரம் புரியாமலும் போகும், நமக்கெல்லாம் போறாப்போல. காட்டற விதம் வேற. பள்ளிக்கூடத்துக்கு நானே வந்து பேசறேன்.”

சொன்னபடியே போய்ப் பேசினாள். ஆசிரியை நல்ல பெண். கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நிபுணருக்கு மனம் ஆறவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டினாள். நாற்பத்தொரு அறிக்கைகளில் அச்சு மாறாமல் அதே வரி. சிலருக்கு அது சரியாகவே இருந்திருக்கலாம். எது சரி, எது தப்பு என்று இனி சொல்ல வழியில்லை. “பழசக் கிளறி வம்ப வெலைக்கு வாங்காதீங்க” என்றார், கல்லூரியில் அவளுக்குப் பாடம் நடத்திய துறைத் தலைவர். அவள் தலையாட்டிவிட்டு வந்து ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒன்பதாவது வீட்டில் ஒரு அம்மா எடுத்தாள். மகளுக்கு இப்போது இருபத்தொரு வயது. நிபுணர் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

“அந்தத் தாள் இன்னும் பீரோவுலதான் இருக்கு” என்றாள் அந்த அம்மா. “அவ அப்பா இறந்தப்போகூட அவ முன்னால நான் அழுததில்ல. பாத்ரூம்ல குழாயத் தெறந்துவிட்டுட்டு அழுவேன். அவளுக்குப் புரியாதுன்னுதானே நீங்க எழுதியிருந்தீங்க? எதுக்குக் கொழப்பணும்னு.”

“நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதும்மா.” அப்போது எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“இருங்க” என்றாள் அம்மா. ரிசீவர் எங்கோ வைக்கப்படும் சத்தம். தள்ளியிருந்து குரல்கள் கேட்டன.

“அப்பா போனப்போ நான் அழுதது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.” ஏற்ற இறக்கமில்லாத குரல். “தண்ணி சத்தம் கேக்கும். நான் கதவுக்கு வெளிய தரையில உக்காந்திருப்பேன். சத்தம் நின்னதும் எழுந்து போயிடுவேன்.”

“ஏன்டி எழுந்து போன?”

“எனக்குத் தெரியாதுன்னு நீ நெனச்சிட்டிருந்த. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீ அழ மாட்ட.”

பிறகு ஒரு நாற்காலி நகர்ந்த ஓசை மட்டும் கேட்டது. நிபுணர் இன்னும் சற்று நேரம் ரிசீவரைக் காதில் வைத்திருந்தாள். யாரும் திரும்பி வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. மெதுவாக வைத்துவிட்டு, வெளியே காத்திருந்த அடுத்த குழந்தையை உள்ளே வரச் சொன்னாள்.