கண்ணாடிக் கதவுக்கு வெளியே

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். வரவேற்பு மேசை அவளுடையது. யாராவது கை நிறையச் சுமையோடு வந்தால் போதும், ஓடிப்போய்த் தன் அடையாள அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிடுவாள். அந்த நல்ல குணமே போன வாரம் வினையானது.

கேக் பெட்டியோடு வந்த ஒருவனை உள்ளே விட்டாள். அவன் கணினிப் பாதுகாப்பு அதிகாரி அனுப்பிய சோதனை ஆள். பூட்டாமல் கிடந்த கணினிகளில் எல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனான்.

"நிஜத் திருடனா இருந்தா, நம்மள நம்பி விவரம் கொடுத்தவங்க கதி என்ன?" என்று கூட்டத்தில் கேட்டார் அதிகாரி.

"அக்கா திருடனுக்குக் குடையும் பிடிப்பாங்க சார்!" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

அதிகாரி அவளைத் தனியே அழைத்து, "இன்னொரு தடவைன்னா என்னால காப்பாத்த முடியாதுக்கா" என்றார். வேலை போனால், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவருக்கு மருந்து ஏது?

இன்று நல்ல மழை. கதவுக்கு வெளியே ஒரு பெரியவர், கையில் காலிப் பெட்டியோடு நின்றார்.

"அம்மா, என் மகன் இங்கதான் வேலை பார்த்தான். போன மாசம் தவறிட்டான். அவன் சாமானை எடுத்துக்க வந்தேன்."

அவளுக்குப் போன வாரத்துக் கேக் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. சாவை வைத்துக்கூடவா சோதிப்பார்கள்? மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"நல்லாவே நடிக்கிறீங்க ஐயா. இந்தத் தடவை ஏமாற மாட்டேன். கிளம்புங்க."

பெரியவர் பெட்டியை மார்போடு அணைத்தபடி மழையிலேயே நின்றார்.

சாப்பிடக் கிளம்பிய அதிகாரி அவரைப் பார்த்துத் திடுக்கிட்டார். "அக்கா, அது போன மாசம் இறந்துபோன நம்ம ஆபீஸ் தம்பியோட அப்பா! நான்தான் வரச் சொன்னேன். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

கடவுளே என்று பதறி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். கூரைக்கு அடியில் அவரை உட்காரவைத்து, தன் சால்வையால் தலையைத் துவட்டினாள்.

"மன்னிச்சிடுங்கப்பா..."

"விடும்மா. நீ செஞ்சது சரிதான். அவனும் அப்படித்தான். பேங்க்லேர்ந்து ஃபோன்ல வர்ற ரகசிய நம்பரை யாரு கேட்டாலும் சொல்லிடாதீங்கப்பான்னு தினமும் கூப்பிட்டுப் படிச்சுப் படிச்சுச் சொல்லுவான்." காலிப் பெட்டியைத் தடவினார். "இப்ப கூப்பிட ஆள் இல்ல."

மகனுடைய கோப்பையையும் குளிராடையையும் அதிகாரியே கொண்டுவந்து பெட்டியில் அடுக்கினார்.

அடுத்த கூட்டத்தில் அதிகாரி எழுந்து நின்றார். "பயப்பட மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன். தப்பு என்னோடது. தெரியாதவங்களுக்குக் கதவைத் திறக்காதீங்க. ஆனா வெளிய போய் உட்காரவச்சு, யாருன்னு விசாரிங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க." யாரும் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் அவள் பெரியவரைக் கூப்பிடுகிறாள்.

"யாருக்கும் நம்பர் சொல்லலையேப்பா?"

"சொல்லலம்மா."

பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசுவதில்லை. ஆனால் ஃபோனை வைப்பதுமில்லை.