பயணத் திட்டம், ஏழாம் பதிப்பு

என் மாமியார் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் காகிதத்தின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, "சால்வோர எதுக்கு நீலத்துல போட்டிருக்கான்? அவ பச்சையாச்சே" என்றார். பிறகு, அப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் க்ரீம் வேண்டும் என்றார்.

ஹோப்ன் ஊர் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் இது நடந்தது. சால்வோர் என் மனைவி. காகிதம், வரும் ஜூலையில் அவள் பரம்பரை மொத்தமும் ஒன்றுகூடி யோகுல்சார்லோன் ஏரிக்குப் போய் பனிப்பாறைகளுக்கு நடுவே படகில் சுற்றிவரும் திட்டத்தின் ஆறாம் பதிப்பு. உள்ளூர்க்காரர்களான எங்களுக்கு அந்த ஏரிக்குப் போகிற வழக்கமில்லை. ஏரியோரப் பாலத்தைக் கடக்கும்போது சுற்றுலாப் பேருந்துகளைத் திட்டுவதோடு சரி. ஆனால் கூட்டத் தலைவர் ஸ்டெய்ன்தோர் முடிவு செய்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பள்ளிக்குத்தான் கிடைத்தது, அவருக்கில்லை. "11.10 முதல் 11.14 வரை: மௌனமாக வியத்தல்" என்று திட்டத்தில் எழுதியிருந்தார். காற்றடித்தால் பனிப்பாறைகள் இடம் மாறும். இருந்தாலும் அன்று அவை எங்கெங்கே நிற்கவேண்டும் என்று வரைபடத்தில் புள்ளி வைத்திருந்தார்.

மூதாதையின் நான்கு பிள்ளைகளுக்கு நான்கு நிறம், நான்கு படகு. மூத்தவர் ஒட்டுரின் வாரிசுகள் நீலம். அவர் தம்பி பெர்குரின் வாரிசுகள் பச்சை. என்னைப்போலக் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு வெள்ளைப் பட்டை; சரணடைந்தவர்கள் என்று பொருள் போலும். சால்வோர் ஒட்டுரின் மகள். ஸ்டெய்ன்தோர் பெர்குரின் மகன். ஒட்டுரும் பெர்குரும் இருபது வருடம் ஒரே பண்ணையில், ஒரே அடுப்படியில் காப்பி குடித்தவர்கள். இருவரும் இப்போது இல்லை.

"அம்மா, என்ன சொல்றே நீ?" என்றாள் சால்வோர்.

"பெர்குர் பிள்ளைங்க பச்சைன்னு இங்கதான எழுதியிருக்கு. பொண்ணும் பிள்ளைதான?"

க்ரீம் வந்தது. மாமியார் அப்பத்தில் மூழ்கிவிட்டார்.

மறுநாள் போய்க் கேட்டோம். "நானா? நான் எங்க சொன்னேன்? இங்க கண்ணாடியத் தொடைக்கவே மாட்டேங்கறாங்க" என்றார். தொண்ணூறு வயது. ஆனால் போன வாரம் சீட்டாட்டத்தில் என்னை மூன்று முறை தோற்கடித்தவர். அவருக்கு எது குழம்பியிருக்கிறது, எது தெளிவாக இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

திரும்பும்போது காரில் சால்வோர் இருக்கைப் பட்டையை இருமுறை கழற்றி மாட்டினாள். பிறகு, "அவன் எனக்கு அண்ணனா? அவனா?" என்றாள்.

அவள் கோபம் எனக்குப் புரிந்தது. பெர்குரை அடக்கம் செய்த அன்று, பாதிரியாரின் இரங்கல் உரையில் பிழை திருத்தி, சடங்கு முடிந்ததும் அவர் கையிலேயே கொடுத்த ஆள் ஸ்டெய்ன்தோர். நூற்றுப்பத்துப் பேர் கூடிய இடத்திலும் சால்வோரைத் தேடிவந்து, கோட்டுப் பொத்தானைப் போடு, டயரை மாற்று என்று ஏதாவது சொல்லாமல் போகமாட்டார்.

"ஊர்ல வேற ஆளே கெடைக்கலயா?" என்றாள்.

"அத உங்கம்மாவத்தான் கேக்கணும்."

சிரிக்கவில்லை. "பச்சைல ஏறினா எங்கப்பாவக் கரையில நிறுத்திட்டுப் போற மாதிரி இருக்கும். நீலத்துல ஏறினா அத்தன பேர் முன்னாடி பொய் சொல்ற மாதிரி இருக்கும். நான் வரல. முட்டி வலின்னு சொல்லிடு."

எங்கள் நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாதான் பெயரின் வால். ஐம்பத்தாறு வருடமாக அவள் ஒட்டுரின் மகள். ஓட்டுநர் உரிமத்தில், அஞ்சல் பெட்டியில், எங்கள் திருமணப் பதிவில். நான் யாரைக் கட்டிக்கொண்டேன் என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. அன்றிரவு அவள் பல் தேய்ப்பதைப் பார்த்தேன். அவளேதான்.

முட்டி வலியைத் தெரிவிக்குமுன் ஏழாம் பதிப்பு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. அச்சடித்தேன். நான்காம் பக்கம், பச்சைப் படகு. முதல் இருக்கை ஸ்டெய்ன்தோர். இரண்டாவது இருக்கை சால்வோர்.

"தப்பா அடிச்சிருப்பான்" என்றாள்.

"அவரா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கிழவி அவரிடமும் சொன்னாளா? இல்லை, அந்த ஆளுக்கு முன்பே தெரியுமா? எப்போதிலிருந்து? சால்வோர் கைப்பேசியை எடுத்து, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"ஸ்டெய்ன்தோர், ஏழாம் பதிப்புல ஒரு தப்பு இருக்கு."

"எந்தப் பக்கம்?" குரலில் பதற்றம்.

"நாலு."

காகிதம் சரசரத்தது. மறுபடியும் சரசரத்தது.

"நாலாம் பக்கத்துல தப்பில்ல" என்றார்.

"என் பேரு இருக்கு."

"தெரியும். ரெண்டு தடவ சரிபாத்தேன்." இருமினார். "மூணாம் பக்கத்தையும் பாரு."

நான் பக்கத்தைப் புரட்டினேன். நீலப் படகில், எப்போதும் இருந்த அதே ஐந்தாவது இருக்கையில், அவள் பெயர் அப்படியே இருந்தது. கீழே கூட்டுத்தொகையில் ஓர் ஆள் அதிகம்.

"ஒரே நேரத்துல கெளம்புற ரெண்டு படகுல ஒருத்தி எப்படி ஏறுவா?" என்றாள் சால்வோர்.

"அது எனக்கும் தெரியல" என்றார் ஸ்டெய்ன்தோர்.

முப்பத்தோரு வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. எனக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. வெள்ளைப் பட்டைக்காரன் என்ன சொல்ல?

யாரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. எங்கள் அடுப்படி வானொலியில் வானிலை அறிக்கை தொடங்கியது. அவர் வீட்டிலும் அதே வானொலி, கைப்பேசி வழியாக அரை நொடி தாமதமாக. தென்கிழக்குக் கரையோரம் வடகிழக்குக் காற்று, நொடிக்கு எட்டு முதல் பதின்மூன்று மீட்டர். எட்டு முதல் பதின்மூன்று மீட்டர். சால்வோர் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்திவிட்டு, நாற்காலியை அதன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.