ஒன்றரை நிமிடம்

கம்ப்யூட்டர் இன்றும் கறுப்புத் திரையோடு நின்றது. அண்ணனின் குரல் பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை, அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் ஒன்றரை நிமிடம் தேடும். பிறகு கையை விரித்துவிடும்.

"அவர் போனதுலேருந்து இப்படித்தான் அடம்பிடிக்குது," என்றாள் அண்ணி. "அவர் குரலை ஒரு தடவை கேட்டா போதும்மா."

பதினைந்து வருடம் சர்வர்களோடு மாரடித்த தங்கைக்கு இதெல்லாம் தூசு. கேபிளை மாற்றினாள். டிஸ்க் நன்றாகவே சுழன்றது. தொடக்கத்தில் எந்தெந்த டிஸ்க்கை இணைப்பது என்ற பட்டியலைத் திறந்தாள். அதில் இருந்த அடையாள எண் வேறு, டிஸ்க்கில் இருந்த எண் வேறு. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், எண்ணும் மாறும். எந்தப் படுபாவி செய்த வேலை?

ஃபார்மட் செய்த தேதியைப் பார்த்தாள். அடக்கம் முடிந்த மறுநாள், காலை பத்து இருபது.

அன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவளேதான். பதிவுகளை நகலெடுத்து வைக்கத் தன் பழைய டிஸ்க்கை மாட்டி, அதை முழுக்கத் துடைத்து ஃபார்மட் செய்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று கிளம்பியிருந்தாள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிஸ்க்குகளுக்குக் கம்ப்யூட்டர் வைக்கும் a, b என்ற எழுத்துப் பெயர்கள் இடம் மாறலாம், எண்ணைப் பார்த்துக் கை வை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், அழுத கண்ணோடு எழுத்தை நம்பி, தன்னுடையதற்குப் பதில் அண்ணனின் டிஸ்க்கைத் துடைத்திருந்தாள்.

"சரியாயிடுச்சா?" அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் தேடுது அண்ணி," என்று சொல்லி ரீஸ்டார்ட் செய்தாள்.

திரையில் விநாடிகள் ஓடத் தொடங்கின. இன்னும் தொண்ணூறு விநாடிக்கு அண்ணன் உள்ளே எங்கோ இருந்தான்.