கஜந்தினி உபயம்

பாரிஸில் குணரத்தினம் அண்ணையின் பலசரக்குக் கடையில், கறித்தூள் பைகளுக்கு மேலே ஒரு பட்டியல் தொங்கியது. மன்னார்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று புயல் வெள்ளத்தில் மூழ்கிப் பதினைந்து நாளாகியிருந்தது. அங்கிருந்து டொக்டர் கௌரி கேட்டனுப்பிய சாமான்களின் பட்டியல் அது.

கடை இருந்த ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் காசு தர ஆள் பிடிப்பது, அந்தப் பொறுப்பை எடுத்த கீர்த்தனனுக்குச் சிரமமாக இருக்கவில்லை. ஒவ்வொரு சாமானிலும் ‘இன்னார் உபயம்’ என்று எழுதுவோம் என்றான். அவ்வளவுதான். நான்கே நாளில் கட்டில்களும் மின்விசிறிகளும் போயின. சுவர்க்கடிகாரத்துக்கு இரண்டு குடும்பங்கள் முறுகிக்கொண்டன.

மிஞ்சியது ஒன்று. கக்கூசுக் குழி இறைக்கிற மோட்டர்.

“அது இல்லாட்டில் வார்டைத் திறக்கேலாது,” என்று கௌரி தொலைபேசியில் சொல்லியிருந்தார். “குழி நிரம்பி உள்ளுக்கை வருது. பிள்ளைப்பேறுக்கு வாறவையைக் கொட்டிலுக்குள்ளை வைச்சுப் பாக்கிறன்.”

புறநகர் செவ்ரானிலிருந்து சாமான் வாங்க வந்த நாகேஸ்வரி அக்கா பட்டியலைப் படித்து மூக்கைச் சுளித்தார். “மாமியின்ரை பேரைப் போட எனக்குச் சம்மதம். பிறகு இவர் என்னை வீட்டுக்குள்ளை விடமாட்டார்.”

கடையே சிரித்தது. குணரத்தினம் அண்ணை மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, முதலாம் நம்பர் கட்டிலை ஒருத்தருக்கும் குடுக்காமல் வைச்சிருக்கிறன். உன்ரை மனிசியின்ரை பேருக்கு.”

அவள் போய் ஏழு மாதம். அவன் முன்னால் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. அவனும் சொல்வதில்லை. அவள் பெயருக்கு வரும் கடிதங்களைப் பிரிக்காமல் மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவான்.

“கட்டிலை நாகேஸ்வரி அக்காவுக்குக் குடுங்கோ,” என்றான். “மோட்டரிலை கஜந்தினியின்ரை பேரை எழுதுவம்.”

“உனக்கென்ன விசரோ? செத்த பிள்ளையின்ரை பேரைக் கொண்டுபோய்க் கக்கூசிலையோ?”

பொபினியில் இருவரும் இருந்த வீட்டில் ஒருமுறை கக்கூசுக் குழாய் அடைத்தது. இஞ்சினியர் புருஷனான இவன் பிளம்பரின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்க, கஜந்தினி முழங்கை வரை கைவிட்டு அடைப்பை இழுத்தெடுத்தாள். “உங்கடை டிகிரிப் பேப்பரை எடுத்துத் தாங்கோ, கை துடைக்க,” என்றாள்.

“அவவுக்குப் பிடிக்கும் அண்ணை,” என்றான். “எழுத்துப் பெரிசா இருக்கட்டும்.”

மோட்டரை மன்னாரிலேயே வாங்கி, பெயரைப் பெரிதாக எழுதிக் குழியில் பூட்டினார்கள். பத்து நாள் கழித்து, லா சப்பல் மெட்ரோப் படிகளில் அவன் இறங்கும்போது கௌரி அழைத்தார். வார்டு திறந்தாயிற்று, இரண்டு பிள்ளைகள் உள்ளேயே பிறந்துவிட்டன என்றார். திடீரென்று அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

“பிள்ளை, மழை பிடிச்சிட்டுது. கஜந்தினியைப் போடு!”

தூரத்தில் ஒரு பெண்குரல்: “அவ காலமை துவங்கி ஓடுறா டொக்டர்!”

கீர்த்தனன் படியிலேயே நின்றான். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

“தம்பி, லைனிலை நிக்கிறீங்களோ?”

“ஓம்,” என்றான். “போனை மோட்டருக்குக் கிட்டக் கொண்டுபோங்கோ.”